சோதனைக்கு எடுத்த கண்

வெற்றிச்செல்வி ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது பேருடைய கண்ணுக்குள் எட்டிப் பார்ப்பவள். செந்துறைப் பக்கமோ அரியலூர்ப் பக்கமோ எறையூர் வரைக்குமோ, சர்க்கரை நோயாளிகள் இருக்கிற ஊர் எதுவானாலும் அவளுக்கு வழி தெரியும். சர்க்கரை நோயாளி இல்லாத ஊர் இப்போது எங்கே இருக்கிறது? ஆகவே எல்லா ஊருக்கும் வழி தெரியும் என்றே சொல்லிவிடலாம். பெரம்பலூரில் ஓர் அறக்கட்டளை நடத்துகிற கண் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கள உதவியாளர் வேலை. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் கறுப்புப் பை, பைக்குள் ஒரு செல்போன்.

செல்போன் என்றால் நாமெல்லாம் வைத்திருக்கிற அதே செல்போன்தான். அதன் கேமரா மேல் ஒரு கறுப்புக் குழாயும் குழாயின் நுனியில் ஒரு லென்ஸும் மாட்டியிருக்கும். ஒருவரை இருட்டான அறையில் உட்கார வைத்து, குழாயைக் கண்ணுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினால் கண்ணின் உட்புறம் படமாக விழுந்துவிடும். விழித்திரை என்ற வார்த்தையை அவள் ஊர்களில் பயன்படுத்துவதில்லை. "கண்ணோட பின்பக்கச் செவுரு" என்பாள். சர்க்கரை நோய் அந்தச் சுவரில் ஓடுகிற ரத்தக் குழாய்களைத்தான் அரிக்கும். குழாயில் கசிவு வரும்போது வலிக்காது. பார்வையும் அன்றைக்கே மங்காது. மங்குகிற நாளில் கெட வேண்டியதில் பாதி கெட்டிருக்கும். அதற்கு முன்னால் பிடித்துவிடத்தான் இந்தப் போனும் இவளும்.

எடுத்த படம் உடனே பெரம்பலூருக்குப் போய்விடும். அங்கே டாக்டர் கலைச்செல்வன் அதைத் திரையில் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதாவது ஒரு குறியைப் போட்டு அனுப்புவார். பச்சை என்றால் அடுத்த வருஷம் வரலாம். சிவப்பு என்றால் உடனே வர வேண்டும். "எடுக்கிறது ஒங்க வேலை, படிக்கிறது என் வேலை" என்று போனில் படம் எடுக்கப் பயிற்சி கொடுத்த முதல் நாளே அவர் சொல்லியிருந்தார். கோபத்தில் சொன்னதல்ல. இவர்கள் அரைகுறையாக எதையாவது படித்துவிட்டு ஊரில் யாரையாவது பயமுறுத்தி வைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் சொன்னதுதான்.

வெற்றிச்செல்வியின் அப்பா கருப்பண்ணனும் அம்மா ஆண்டாயியும் எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போனவர்கள். வெட்டுக் காலம் முழுக்கக் கரும்புக் காட்டு ஓரத்தில் காய்ந்த கரும்பிலைச் சோகையால் கொட்டகை போட்டுத் தங்கிவிடுவார்கள். அதனால் அவளுடைய பள்ளிப் படிப்பு சில மாதம் அங்கே, சில மாதம் செந்துறைக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் என்று ஓடியது. இரண்டு ஊர் வாத்தியார்களும் அவளை எங்கள் பள்ளிப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு மதிப்பெண் வாங்கினாள். நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். அதற்கு வழியில்லாமல், சோறு போட்டுத் தங்க இடமும் கொடுக்கிறார்கள் என்பதற்காகக் கண் ஆஸ்பத்திரியின் ஒரு வருஷப் பயிற்சியில் சேர்ந்தாள். சேர்ந்தவள் இருபத்திரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறாள். டார்ச் லைட்டும் எழுத்துப் பலகையும் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் போய் மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் போன் வந்தது. வந்த ஆறே மாதத்தில் அவளைவிடத் தெளிவாகப் படம் எடுக்கிற ஆள் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை என்று ஆண்டு விழாவில் ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

அவளுடைய கணவன் அறிவழகன் அவளுக்கு அத்தை மகன். அவன் டிப்பர் லாரி டிரைவர். அரியலூர்ச் சுரங்கங்களிலிருந்து ஆலத்தியூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் அடிக்கிறவன். லாரி, அரியலூர் அண்ணாதுரை என்பவருடையது. ஆனால் சாவி அறிவழகனிடம்தான் இருக்கும். வண்டி இராத்தங்குவதும் அவன் வீட்டுக்கு எதிர்ப் பொட்டலில்தான். பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறான், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இதை அவனே சொல்லுவான். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவான். வேறு வேலை அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றியதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது போனை எடுக்க மாட்டான், எமனே கூப்பிட்டாலும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் பேசுவான் என்று வெற்றிச்செல்வி அக்கம்பக்கத்தில் பெருமை அடித்துக்கொள்வாள்.

ஊர்களில் அவளுடைய வேலையைப் "போட்டோ பிடிக்கிறது" என்றுதான் சொல்வார்கள். போட்டோ என்று கேள்விப்பட்டால் நம் ஜனங்கள் சும்மா வருவார்களா? பெண்கள் பவுடர் பூசிக்கொண்டு வருவார்கள். ஆண்கள் தலையைப் படிய வாரி, பித்தான் முழுக்கப் போட்டு, முட்டியில் கை வைத்து விறைப்பாக உட்காருவார்கள். கண்ணுக்குள் எடுக்கிற படத்துக்குச் சட்டை எதற்கு என்று அவளும் முதலில் சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். நன்றாக உடுத்திக்கொண்டு வந்தவர் ஆடாமல் அசையாமல் உட்காருகிறார், வேலையும் சுலபமாக முடிகிறது.

போன வருஷம் ஆனியில் எறையூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில்தான் வம்பு வந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பெண்கள் எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு வந்திருந்தார்கள். வரிசையில் முதல் ஆள் பச்சையம்மாள். நாலு ஏக்கர் கரும்பும் நாக்கில் நாலு ஆள் பலமும் உள்ள அம்மாள். சூடு தணிய விளக்கெண்ணெயைக் கண் இமையிலும் தடவிக்கொண்டு வந்திருக்கிறார். குழாயைப் பக்கத்தில் கொண்டுபோனதும் அவர் ஒரு சிமிட்டுச் சிமிட்டினார். இமை முடி லென்ஸில் பட்டது. வெற்றிச்செல்வி கவனிக்கவில்லை. அன்றைக்கு எடுத்த அறுபத்திரண்டு பேர் படமும் மூடுபனிக்குள் எடுத்ததுபோல இருந்ததால், படிக்க முடியவில்லை என்று அறுபத்திரண்டும் திரும்பி வந்தன.

அடுத்த வாரம் மறுபடியும் அதே ஊருக்குப் போனாள். பச்சையம்மாள் சமுதாயக்கூடத்து வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குப் புடிச்ச படமெல்லாம் எங்க போச்சு? செல்லுல ஏதாச்சும் வெளையாடிக்கிட்டு இருந்தியா?"

"லென்ஸுல எண்ணெய் பட்டுடுச்சுங்கம்மா."

"நீ வரேன்னு நாங்க தல முழுவாம காய வச்சிக்கிட்டு ஒக்காரணுமா?"

யாருடைய எண்ணெய் என்று வெற்றிச்செல்வி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஊரை விட்டு முழுசாக வந்திருக்க முடியாது. அறுபத்திரண்டு பேரில் நாற்பது பேர்தான் இரண்டாம் முறை வந்தார்கள். மீதிப் பேர் வேலை வெட்டிக்குப் போய்விட்டார்கள். அந்த இருபத்திரண்டு பேருடைய கண்களில் எத்தனை கெட்டுக்கொண்டிருக்கிறதோ என்ற நினைப்பு அவளைப் பல நாள் அரித்தது. கேடயம் வாங்கின கைக்கு இது பெரிய அவமானமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியின் கள மேற்பார்வையாளர் பரிமளா ஒரு விதி கொண்டுவந்தார். தினமும் கிளம்புவதற்கு முன் ஒரு சோதனைப் படம் எடுக்க வேண்டும். பெயர் என்று கேட்கிற இடத்தில் 'டெஸ்ட்' என்று போட வேண்டும். அந்தப் படம் டாக்டருக்குப் போகாது. லென்ஸில் அழுக்கு, தூசி இல்லையா என்று எடுத்தவரே பார்த்துக்கொண்டு, இருந்தால் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியது.

"யார் கண்ணை எடுக்கறதுங்க மேடம்?" என்று கேட்டாள் வெற்றிச்செல்வி.

"யாரு கண்ணா இருந்தா என்ன? பக்கத்துல இருக்கறவங்க கண்ணு."

பக்கத்தில் இருந்தவன் அறிவழகன். வீட்டில் மூட்டை அடுக்கி வைத்திருக்கும் உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. காலை ஆறரை மணிக்கு, வாயில் பிரஷ்ஷோடு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் வந்து உட்காருவான். "வெளிச்சத்தைப் பாக்காதீங்க மாமா, எங்காதைப் பாருங்க" என்பாள். அவன் அவள் காதைப் பார்ப்பான். ஒரு தட்டு. எப்போதும் வலது கண் மட்டும்தான். லென்ஸைச் சோதிக்க ஒரு கண் போதாதா? மூன்று விநாடி படத்தைப் பார்த்து, குழாய்கள் கூர்மையாகத் தெரிகிறதா, நரம்பு வந்து சேருகிற மஞ்சள் வட்டம் அதனிடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பாள். அதற்குள் அவன் வாய் கொப்பளிக்கப் போயிருப்பான். ஆடி மாதம் தொடங்கிய பழக்கம் இது. கல்லூரி விடுதியில் இருக்கும் மகள் மஞ்சு லீவுக்கு வந்தபோது பார்த்துவிட்டு, தினமும் காலையில் இப்படி முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு உட்காருகிறீர்களே என்று கேலி செய்தாள்.

ஆவணியில் ஒரு நாள் டெஸ்ட் படத்தில் மூன்று சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஊசி முனை அளவுதான். வெற்றிச்செல்விக்குப் பச்சையம்மாள் ஞாபகம் வந்துவிட்டது. துணியை எடுத்து லென்ஸை அழுத்தித் துடைத்தாள். மறுபடி ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்றால் அறிவழகன் லாரியை ஸ்டார்ட் செய்துவிட்டான். சரி என்று கேம்ப்புக்குப் போய் முதல் ஆளை எடுத்தாள். புள்ளியே இல்லை, பளிச்சென்று இருந்தது. துடைத்தது நல்லதாகப் போயிற்று என்று நிம்மதி அடைந்தாள்.

மறுநாளும் புள்ளி இருந்தது. துடைத்தாள். கேம்ப்பில் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் புள்ளிகள் கூடின. இவளும் கூடுதலாகத் துடைத்தாள். சுண்ணாம்புக் கல் லாரி வீட்டு வாசலில் நிற்கிறது, உள்ளறையில் மூட்டைத் தூசி, வேறென்ன இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். தையில் பரிமளாவிடம் புகாரே செய்தாள், லென்ஸ் ரொம்பத் தூசி பிடிக்கிறது என்று. "ஒங்க பக்கம் பூரா சிமென்ட்டுத் தூசி, லென்ஸு என்னா பண்ணும் பாவம்" என்று சொல்லிவிட்டுப் புது லென்ஸ் அனுப்பினார். அதிலும் தூசி பிடித்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு அவளை முட்டாள் என்று நினைக்கத் தோன்றும். அவள் முட்டாள் இல்லை. அதே மாதிரிப் புள்ளிகளை அவள் ஊர் ஊராக ஆயிரம் கண்களில் பார்த்திருக்கிறாள். வாய் திறந்து சொல்ல மாட்டாளே ஒழிய, டாக்டர் சிவப்பு போடப் போகிறார் என்று படம் எடுக்கும்போதே தெரிந்துவிடும். ஆனால் அவையெல்லாம் பெயரும் வயதும் போட்ட கண்கள். இது டெஸ்ட். நோயாளியின் படத்தில் நோயைத் தேடுவார்கள், டெஸ்ட் படத்தில் தூசியைத் தேடுவார்கள். தேடினது அவளுக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. அதோடு அறிவழகனுக்குச் சர்க்கரை இல்லை என்று அவனே சொல்லியிருந்தான். அவனுடைய வம்சத்தில் யாருக்கும் இல்லையாம். ரத்தம் எடுத்துப் பார்த்தது கிடையாது. ஒரு ஷிப்டில் எட்டு டீ குடிக்கிறவனை அவளும் உட்கார வைத்து விரலில் குத்திப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லுகிற பேச்சை வீட்டில் சொல்ல அவளுக்கு நேரமில்லை.

வைகாசியில் பரிமளா போன் செய்தார். "வெற்றி, ஒங்க போன்ல மட்டும் எரநூத்திப் பதினாலு டெஸ்ட் படம் கெடக்குது. எடம் அடைக்குதுன்னு கம்ப்யூட்டர் ஆளுங்க கத்தறாங்க. அழிச்சிடுங்க."

மறுநாள் காலை செந்துறையிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வேலையை ஆரம்பித்தாள். அந்த ஆப்பில் மொத்தமாக அழிக்க வழியில்லை. ஒவ்வொரு படத்தையும் திறக்க வேண்டும், அழிக்கவா என்று கேட்கும், ஆம் என்று அழுத்த வேண்டும், அதற்கு முந்தைய நாள் படம் வரும். புதியதிலிருந்து பழையதற்குப் போகும். அவள் நேற்றையதில் ஆரம்பித்தாள். ஆம். ஆம். ஆம். வெள்ளரிக்காய் விற்கிறவரிடம் ஒன்று வாங்கிக் கடித்துக்கொண்டே அழித்தாள்.

நாற்பத்தோராவது படத்தை அழித்த பிறகு விரல் நின்றது. எதனால் என்று முதலில் அவளுக்கே விளங்கவில்லை. ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புத் திட்டு, படத்துக்குப் படம் வந்துகொண்டே இருந்தது. இந்தப் படத்தில் அது கடுகு அளவாக இருக்கிறது. ஆனால் அதே இடம். அவள் அழிக்காமல் முந்தைய படத்துக்குப் போனாள். அதற்கும் முந்தையதற்குப் போனாள். போகப் போகத் திட்டுகள் சுருங்கின, புள்ளிகள் ஒன்றிரண்டாகக் காணாமல் போயின. மாசி, தை என்று பின்னால் போகப் போகக் கண் தேறிக்கொண்டே வந்தது. லென்ஸ் மாற்றிய நாளைத் தாண்டினாள். மாற்றுவதற்கு முந்தைய நாளும் அதே புள்ளி, மாற்றிய மறுநாளும் அதே புள்ளி, அதே இடத்தில். ஆடி மாதப் படத்தில் ஒன்றுமே இல்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

அங்கிருந்து இந்தப் பக்கமாக மறுபடி வந்தாள். அவள் கேம்ப்பில் ஒவ்வொரு கண்ணையும் ஒரு தரம்தான் பார்ப்பாள். ஒரு கண் கெட்டுப்போவதை முதல் நாளிலிருந்து வரிசையாக அவள் பார்த்தது அதுதான் முதல் முறை. அரியலூர் வந்துவிட்டது என்று கண்டக்டர் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டரை உடனே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. படிப்பது என் வேலை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல என்பது அவளுக்கே தெரியும். இது நிஜமானால் அவன் லாரியை விட்டு இறங்க வேண்டும். லாரியை விட்டு இறங்கிய அறிவழகனை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இன்னும் ஒரே ஒரு நாள் அது தூசியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அன்றைக்கு நாற்பத்தெட்டுப் பேரை எடுத்தாள்.

மறுநாள் ஆறரைக்கு வழக்கம்போல அவன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் 'டெஸ்ட்' என்று போடவில்லை. அறிவழகன், வயது நாற்பத்து நாலு, தொழில் என்ற இடத்தில் கனரக வாகன ஓட்டுநர் என்று போட்டாள். வலது கண்ணை எடுத்துவிட்டு இடது கண்ணுக்குக் குழாயைக் கொண்டுபோனாள்.

"இன்னிக்கு என்னா ரெண்டு கண்ணு?"

"ரூலை மாத்திட்டாங்க மாமா."

இடது கண்ணின் படம் வலதைவிட மோசமாக இருந்தது. கீழ்ப்பக்கம் ரத்தம் கலங்கலாகத் தேங்கியிருந்தது. அவள் இரண்டு படத்தையும் பெரம்பலூருக்கு அனுப்பினாள். அவன் லோடுக்குக் கிளம்பிப் போனான்.

பதினொரு மணிக்கு, செந்துறைப் பக்கத்து ஊரில் அங்கன்வாடிக்குள் பதினாலாவது ஆளை உட்கார வைத்திருந்தபோது டாக்டரின் குறி வந்தது. சிவப்பு. இரண்டு கண்ணும். நாளைக்கே அழைத்து வரவும், கனரக வாகனம் ஓட்ட வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தார். அந்த நேரத்தில் அறிவழகன் இருபத்தைந்து டன் கல்லோடு ஏதோ ஒரு சாலையில் போய்க்கொண்டிருந்தான். அவள் மூன்று முறை கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. அவள் எந்தப் பழக்கத்தைச் சொல்லி இத்தனை வருஷம் பெருமை அடித்தாளோ அது அன்றைக்கு அவளைக் கொன்றது. வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். வேலையைத் தொடர்ந்தாள். இரண்டு படம் மங்கலாக விழுந்து மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டே காலுக்கு அவனே கூப்பிட்டான்.

"என்னா, மூணு தடவ அடிச்சிருக்க?"

"எங்க இருக்கீங்க மாமா?"

"எடை மேடையில. ஏன்?"

"நாளைக்கு லீவு சொல்லிடுங்க. பெரம்பலூர் போவணும். ஒங்க கண்ணை டாக்டர்கிட்ட காட்டணும்."

"எங்கண்ணுக்கு என்னா? போன மாசந்தான டிரைவருங்களுக்கு டெஸ்ட்டு வச்சாங்க, கடைசி வரி வரைக்கும் படிச்சேன். பாத்தவனே அசந்துட்டான்."

"எழுத்துப் படிக்கறது வேற மாமா. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. ரெண்டு கண்ணுலயும்."

எடை மேடையில் யாரோ வண்டி எண்ணைக் கத்திச் சொல்வது போனில் கேட்டது.

"சக்கரையே இல்லாதவனுக்கு எப்படி வரும்?"

"இல்லைன்னு யாரு பாத்தா?" என்றாள். அதைக் கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று சொன்ன பிறகுதான் பட்டது. "இனிமே ஓட்டாதீங்க. வண்டிய அங்கயே போட்டுட்டு பஸ்ல வாங்க."

"லோடு ஏத்திட்டு நடுவுல எப்படிப் போடுறது? எறக்கிட்டு வரேன்" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "அண்ணாதுரைகிட்ட எதையும் சொல்லி வைக்காத" என்றும் சொன்னான். சாயங்காலம் வண்டி பொட்டலில் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறவரை அவள் வாசலிலேயே நின்றாள்.

பெரம்பலூரில் விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை முந்நூற்று நாற்பத்திரண்டு இருந்தது. கண்மணி விரியச் சொட்டு மருந்து விட்டு, டாக்டர் கலைச்செல்வன் இரண்டு கண்ணையும் பெரிய கருவியில் பார்த்தார். வலது கண்ணை லேசர் வைத்து இந்த அளவில் நிறுத்திவிடலாம் என்றார். இடது கண்ணில் இருக்கக் கூடாத புதுக் குழாய்கள் முளைத்துவிட்டன, கசிவும் தொடங்கிவிட்டது, ஊசியும் லேசரும் போட்டுப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்.

"வண்டி, சார்?" என்று கேட்டான் அறிவழகன். வேறு எதுவும் அவன் கேட்கவில்லை.

"பெரிய வண்டி வேணாம். ஓட்டிக்கிட்டிருக்கும்போதே கண்ணுக்குள்ள ரத்தம் கொட்டினா மொத்தமா மறைச்சிடும். ஓட்டக் கூடாதுன்னு எழுதித்தான் குடுப்பேன். ஒரு வருஷம் கழிச்சுப் பாக்கலாம். ஆனா அதை நம்பி இருக்காதீங்க."

வெற்றிச்செல்வி மீதமிருந்த நூற்று எழுபத்து மூன்று டெஸ்ட் படங்களைத் திறந்து அவரிடம் நீட்டினாள். இதைக் காட்டாமல் இருக்க அவளால் முடியவில்லை. டாக்டர் முதலில் இரண்டு மூன்று தள்ளிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"என்னம்மா இது, தினமும் எடுத்திருக்கீங்க. ஒரே கண்ணு, ஒரே கோணம். இருவது வருஷத்துல இப்படி ஒரு வரிசையை நான் பாத்ததே இல்ல. ஆவணியிலேயே தொடங்கியிருக்கு, பாருங்க. ஒண்ணையும் அழிச்சிடாதீங்க, பயிற்சி வகுப்புல காட்டலாம்." நிஜமான சந்தோஷத்தோடுதான் சொன்னார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்ததும் போனை மெதுவாக மேஜை மேல் வைத்துவிட்டார். லேசருக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மருந்தின் வேகம் இறங்காததால் வெயில் அவன் கண்ணைக் குத்தியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தான். சர்க்கரை இல்லாத டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தான்.

"ஆவணியிலேருந்து இருக்குதுன்னாரே. நீ தெனமும் பாத்தியே புள்ள."

அவள் போனைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான், தள்ளிப் பிடிக்கச் சொல்லியும் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. கலங்கலா இருக்கு. வாயால சொல்லு."

"புள்ளி தெரிஞ்சிச்சு மாமா. லென்ஸுல தூசின்னு நெனச்சேன். தொடச்சிட்டு கேம்ப்புக்குப் போனேன். தெனமும் தொடச்சேன்."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். நடுத்தெருவில் வைத்துத் திட்டினால்கூட நல்லது என்றுதான் இருந்தது. ஒரு டிப்பர் சாலையில் இரைந்துகொண்டு போனது, அது போகிறவரை தலையைத் திருப்பி வைத்திருந்தான். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு லாரிச் சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"அண்ணாதுரைகிட்ட நீ போய்க் குடுத்துடு."

"ரெண்டு பேரும் போவோம் மாமா. நீங்களே ஒங்க கையால குடுங்க. பத்தொம்போது வருசம் ஓட்டியிருக்கீங்க."

"வேணாம்" என்றான். "நான் வந்தா வண்டியில ஏறிடுவேன்."